பச்சையாக இருந்த கல்லுமேடு

கல்லுமேட்டில் காய்ச்சலால் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்த ஊரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அன்னக்காமு, ஊராருக்கு ரத்தப் பரிசோதனை செய்ய ஆள் அனுப்பும்படி சுகாதார அதிகாரி திருவேங்கடத்திடம் மூன்று முறை போய்க் கேட்டாள்.

அவர் கம்ப்யூட்டரில் மாவட்ட வரைபடத்தைத் திறந்து காட்டினார். "டெங்கு இருக்கிற ஊர் சிவப்பு. உன் ஊர் பச்சையா இருக்கு பார். சிவப்பாகட்டும், அனுப்புறேன்."

"ரத்தம் எடுக்காம எப்படி சார் சிவப்பாகும்?"

"மேப் பொய் சொல்லாதும்மா. போய் வேலையைப் பாரு."

அந்த வாரமே கலெக்டர், ஊர் நர்சுகளையும் அழைத்து ஆய்வுக் கூட்டம் நடத்தினார். பெரிய திரையில் அதே வரைபடம் தெரிந்தது. "கல்லுமேட்டில் ஒருத்தருக்குக்கூட டெங்கு இல்லை" என்று திருவேங்கடம் பெருமையாகச் சொன்னார்.

அன்னக்காமு எழுந்து கும்பிட்டாள். "எங்க ஊரைப் பாராட்டினதுக்கு நன்றி சார். எத்தனை பேருக்கு ரத்தம் பார்த்து இதைக் கண்டுபிடிச்சீங்கன்னும் காட்டுங்க. மத்த ஊர் நர்சுங்களும் கத்துக்குவாங்க."

கலெக்டரே திரையில் அந்த ஊரைத் தொட்டார். பரிசோதனைகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தது.

"அங்கே யாருக்கெல்லாம் உடம்பு சரியில்லை?" என்று கலெக்டர் கேட்டார்.

அன்னக்காமு இறந்த இருவரின் பெயரை முதலில் சொன்னாள். பிறகு படுத்துக் கிடப்பவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் மருத்துவ வண்டி கிளம்பிவிட்டது.

ரத்தம் பார்த்ததில் பதினொரு பேருக்கு டெங்கு இருந்தது. பதினொரு பேரும் பிழைத்து, தங்கள் காலாலேயே நடந்து வீட்டுக்குள் போனார்கள்.