திரும்பி வந்த பேருந்து

பிறருக்குக் கற்பித்த ஒன்றை, ஒருமுறையேனும் உங்கள் கால்களால் நடந்து பார்த்ததுண்டா?

இருபத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த தணிகாசலம், பட்டியல் ஒன்றை ஏந்தியபடி தலைமையாசிரியை மங்கையர்க்கரசியின் அறைக்குள் நுழைந்தார். அந்த அம்மையார் அவரைவிட ஏழு வயது இளையவர்.

“பதினோரு பேர், மேடம். இவங்களை அறிவியல் பிரிவிலிருந்து எடுத்துடலாம். நாலு மணிக்குள்ள கல்வி அலுவலகத்துக்குப் பட்டியல் போகணும். உங்க கையெழுத்துதான் பாக்கி.”

“என்ன குறை?”

“ஒரு பேருந்தோட திசைவேகம்–காலம் வரைபடம் கொடுத்தேன். கோடு ஏறுது, சமமாப் போகுது, இறங்குது. பதினோரு பேரும், ‘பேருந்து புறப்பட்டது, நின்றது, திரும்பி வந்தது’ன்னு எழுதியிருக்காங்க. எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறலை.”

அந்தப் பதினோரு பேரும் வெளியே சுவரோரம் நின்றிருந்தார்கள். பட்டியலின் முதல் பெயருக்குரிய பூவிழி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மையார் எழுந்து வெளியே வந்தார். தாழ்வாரச் சுவரில் சாக்கட்டியால் அதே வரைபடத்தை வரைந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

“நடந்து காட்டுங்க, சார்.”

“நானா?”

“நீங்கதான் பேருந்து.”

யாரோ களுக்கென்று சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். தணிகாசலத்துக்குக் காது சுட்டது. நடந்தார்.

“கோடு ஏறுது,” என்றார் அம்மையார்.

அவர் வேகத்தைக் கூட்டினார்.

“சமமாப் போகுது.”

பதினோரு பேரின் பார்வையும் முதுகில் தைத்தது. அவர் நின்றார்.

“இறங்குது.”

அவர் திரும்பினார். புறப்பட்ட இடத்தை நோக்கி நடந்தார்.

பூவிழியின் வாயிலிருந்து விரல் விலகியது.

“சார், அது திசைவேகம். சமமாப் போனா அதே வேகம். இறங்கினா வேகம் குறைய மட்டும்தானே செய்யுது? முன்னாடி போய்க்கிட்டேதான் மெதுவாகணும். நீங்க ஏன் சார் திரும்பி வர்றீங்க?”

அவர் அடுத்த அடி எடுத்து வைக்கவில்லை.



அம்மையார் பேனாவின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

“நான் கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி, பன்னிரண்டாவது பேரை எழுதிடுங்க.”

தணிகாசலம் பேனாவை வாங்கவில்லை. தணிந்த குரலில் சொன்னார்:

“நாளைக்கு இவங்களையும் நடக்க வெச்சுச் சொல்லித் தரேன், மேடம்.”

“நாலு மணிக்குப் பட்டியல் போயிடும். நாளைக்கு உங்க வகுப்புல யார் இருப்பாங்க? மணி ரெண்டரை, சார். இப்பவே கூட்டிட்டுப் போங்க.”