தெற்குத் தெருவுக்கு வந்த தேர்

செம்மண்குளத்து மாதாவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ சனம் நடந்து வரும். கோயிலுக்குப் பின்னாலேயே கிடக்கிற தெற்குத் தெருவுக்கு மட்டும் அவள் தேர் போனதில்லை. மேல்சாதி போக விட்டதில்லை.

அந்தத் தெரு இன்னாசி அதற்காக நோட்டீசு அடித்தான், வழக்குப் போட்டான், மறியல் செய்தான், மண்டை உடைபட்டான், சிறைக்கும் போனான். இந்த வருஷம் தீர்ப்பு வந்தது. தேரும் வந்தது.

தெருவே அழுதது. “மாதா வந்துட்டா! மரியே வாழ்க!”

அவன் பேரை ஒரு வாயும் சொல்லவில்லை.

தேரோடு நடந்து வந்த அமலோர் சாமியாரை அவன் வழிமறித்தான். அவனுக்கு எழுதவும், எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொடுத்தவர் அவர்.

“சாமி, அவளா வந்தாளா? நான் கொண்டாந்தேனா?”

சாமியார் தேரை அண்ணாந்து பார்த்தார்.

“உங்க தெரு முழுக்கப் பள்ளம். சிலை ஆடுது பாரு. மேல ஏறி, பின்னாடி நின்னு பிடிச்சுக்க.”

“நான் கேட்டதுக்கு இதா பதில்?”

“முதல்ல ஏறுப்பா. விழுந்து வச்சா அதுக்கும் நோட்டீசு அடிப்பே.”

ஏறினான். பிள்ளையை ஏந்தி நின்ற மாதாவின் இடுப்பை, பூமாலைகளுக்குப் பின்னால் நின்று இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். கீழே இருப்பவர்களுக்கு அவன் தெரியவில்லை. அவள் தோளுக்கு மேலாக அவனுக்கு எல்லாரும் தெரிந்தார்கள்.

பிலோமி. அவன் சிறையில் கிடந்தபோது அவன் பிள்ளைகளுக்குத் தன் வீட்டுக் கஞ்சியைப் பகிர்ந்தவள். ரோசாள். சாணிக் கூடைக்கு அடியில் அவன் நோட்டீசுகளை ஒளித்துக் கொண்டுபோனவள். சந்தியாகம்மாள். மறுபடி அவன் தலைக்கு வந்த தடியைக் குறுக்கே கை நீட்டி வாங்கியவள். அந்தக் கை அப்புறம் நிமிரவே இல்லை. கோணலாகவே கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நோட்டீசிலும் அவர்கள் பேர் வந்ததில்லை.

தெருக் கோடியில் தேர் நின்றது. இன்னாசி இறங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“கும்பிடணும் போல இருந்துச்சு சாமி. முடியல. ரெண்டு கையும் சிலையில இருந்துச்சே.”

“யாரை? மாதாவையா?”

“இல்ல. எதிர்ல நின்னவங்கள.”

சாமியார் மாதாவைப் பார்த்தார்.

“அவளும் அதுக்குத்தான் வந்திருப்பா. கையில பிள்ளை இருக்கே, என்ன செய்வா?”