பட்டிக்குள் வந்தது யார்

குட்டி செத்த அன்றைக்கே, கொன்றது யார் என்று மருதையன் முடிவு கட்டிவிட்டார். அதற்கு அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. வனச் சோதனைச் சாவடியில் காவலுக்கு நின்றே ஆயுசைக் கழித்த மனிதர். வைக்கோல் வண்டி வந்தாலும் உள்ளே சந்தனக்கட்டை இருக்கும் என்று கம்பியை விட்டுக் குத்திப் பார்த்துப் பழகியவர். ஓய்வு பெற்றதும் மன அமைதி தேடிக் கரட்டடி மடத்துக்கு வந்தார். கம்பியை மட்டும் அவர் மனசு கீழே போடவில்லை.

மடத்தை நடத்தியவர் தவமணி அம்மா. மருதையனைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் மருதையன் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டவர். மடத்து ஆடுகளை அம்மா அவர் பொறுப்பில் விட்டிருந்தார்.

அந்தக் கோடையில் ஆடுகளுக்கு உண்ணி பிடித்தது. காது மடலுக்குள்ளும் வாலடியிலும் மடியோரத்திலும் ஆமணக்கு விதை மாதிரி ரத்தம் குடித்து உப்பிக் கிடந்தது. மருதையன் தினமும் காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது மடத்து விதி. அதனால் பிடுங்கியதை நசுக்க மாட்டார். வெயிலில் போட்டால் செத்துப்போகுமே என்று, ஆட்டுப்பட்டியின் கல்சுவர் இடுக்கில் நிழல் பார்த்து விடுவார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

எத்தனை பிடுங்கியும் குறையவில்லை. கடைசியில் ஒரு குட்டி, கண்ணிமையின் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று வெளுத்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் செத்தது. மருதையன் அதைப் புதைத்துவிட்டு நேரே அம்மாவிடம் போனார்.

“இதெல்லாம் அந்த இருளாண்டி கொண்டாந்த வினைம்மா.”

இருளாண்டி தெற்கேயிருந்து செம்மறி ஓட்டிக்கொண்டு வந்தவன். சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றிவிட்டதால் மடத்துத் தொட்டியில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

“அவர் வர்றதுக்கு முன்னாடி உண்ணி இல்லையா?” என்றார் அம்மா.

“இருந்துச்சு. ஆனா அது நம்ம உண்ணி. அளவா இருந்துச்சு.”

அம்மா சிரிக்கவில்லை. “அவர் ஆடுகளைப் பார்த்தீங்களா?”

“எங்க பார்க்கறது? கிட்டப் போனாலே ‘என்ன சாமி வேணும்’னு சிரிக்கிறான். அந்த மாதிரிச் சிரிக்கிற ஆளை நான் சாவடியில நிறையப் பார்த்திருக்கேன்.”

“இப்ப என்ன செய்யணும்கிறீங்க?”

“அவன் தொட்டிப் பக்கமே வரக் கூடாதும்மா.”

“சரி, நான் சொல்லிடுறேன். நம்ம ஆடுகளைப் பட்டியில அடைக்காதீங்க. புளியமரத்தடியில கட்டுங்க.”

“பட்டி என்னம்மா பண்ணுச்சு?”

“கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்.”

இருளாண்டி மறுநாள் வந்தான். அம்மா தனியாக அழைத்து ஏதோ சொன்னார். செம்மறிகள் தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்று நின்றன. அவன் அவற்றைத் தடவிக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவும் மருதையனுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நாள் போகப் போக ஆடுகள் தேறின. குட்டிகள் துள்ள ஆரம்பித்தன. மருதையனுக்குத் தலைகால் புரியவில்லை.

“பார்த்தீங்களாம்மா? ஆளு போனான், உண்ணியும் போச்சு.”

“போச்சா?”

“தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கு. ஆனா அசந்துடக் கூடாது. விரட்டுன கோபத்துல பட்டிக்குள்ள எதையாவது போட்டுட்டுப் போனாலும் போவான்.”

“அப்ப காவல் வேணும்.”

“கண்டிப்பா வேணும்.”

“நீங்களே உள்ள போய் உட்காருங்கய்யா. அசையாம இருங்க. வர்றது யாருன்னு பார்த்து வந்து சொல்லுங்க.”

போன வேலை திரும்பக் கிடைத்த மாதிரி மருதையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். காலிப் பட்டியில் கல்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உச்சி வெயில். வாசல் படல் காற்றில் அசையும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். யாரும் வரவில்லை.

கணுக்காலில் ஏதோ ஊர்ந்தது. தட்டிவிட்டார். பிறகு முழங்காலுக்குப் பின்னால் ஊர்ந்தது. பிறகு இடுப்பில். குனிந்து பார்த்தார். உண்ணி. பொடிசும் பெரிசுமாகப் புழுதியில் நகர்ந்து அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நேற்றே வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறான் பாவி என்றுதான் முதலில் நினைத்தார். எங்கே கொட்டியிருப்பான் என்று, அவை வந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனார். வழி சுவருக்குப் போயிற்று. சுவரில் ஓர் இடுக்குக்குள் போயிற்று. அது தினமும் அவர் விரல் போய் வந்த இடுக்கு.

அவர் வெளியே வந்தபோது, அம்மா காய்ந்த தென்னை மட்டைகளோடு படலருகே நின்றிருந்தார்.

“யாருய்யா வந்தாங்க?”

மருதையனுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

“இருளாண்டியா?”

“இல்லம்மா.”

அம்மா மட்டையை நீட்டினார். “சுவரோரமா கொளுத்துங்க.”

“கொல்லக் கூடாதுங்கிறது விதியாச்சேம்மா.”

“குட்டியைப் புதைச்ச இடத்துல போய் நின்னுக்கிட்டு அதைச் சொல்லுங்க.”

மருதையன் மட்டையை வாங்கிக்கொண்டார். நெருப்பு சுவரோரமாக ஓடியது. இடுக்குகளில் உண்ணிகள் படபடவென்று வெடித்தன. அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இருளாண்டி எங்கம்மா போனாரு?”

“கரட்டுக்குப் பின்னால சுனையில தண்ணி காட்டச் சொன்னேன்.”

“எனக்குத் தெரியாமலா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சா அங்கேயும் சாவடி போட்டிருப்பீங்க. சுனையும் வத்திப்போச்சாம். காலையிலேர்ந்து சேறுதான் வருதுன்னு சொல்லியனுப்பியிருக்காரு. இன்னைக்குத் தண்ணி கிடைக்கலேன்னா செம்மறி விழுந்துடும்.”

மருதையன் சுனைப் பக்கம் கிளம்பினார். மனசு கேட்காமல் திரும்பி நின்றார்.

“நான் இரக்கப்பட்டுத்தானேம்மா அதுகளை நிழல்ல விட்டேன்?”

“ஆமா” என்றார் அம்மா. “ரத்தம் குடிச்சதுக்கெல்லாம் நிழல் பார்த்து இடம் கொடுத்தீங்க. போய்க் கூட்டிட்டு வாங்க. அந்த மனுஷன் உங்ககிட்ட கேட்டது வெறும் தண்ணி.”