குழியைச் சொல்லாத கீரி

கருமலைக் காட்டு மிருகங்கள் ஒரு சைக்கிள் சங்கம் வைத்திருந்தன. மழை விட்டதும் எல்லாமாகச் சேர்ந்து மலையேறும். பதினோரு கொண்டை வளைவு! நெஞ்சை அடைக்கும் ஏற்றம்! முகத்தில் அறைகிற எதிர்காற்று வேறு!

காற்றுக்குப் பயந்து ஒன்றின் பின்சக்கரத்தை ஒட்டி இன்னொன்று என வரிசையாகத்தான் போகும். ஆனால் அப்படிப் போனால் முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தன. முதலில் போகிறவர் குழியோ கல்லோ கண்டால் கத்த வேண்டும். இரண்டாவது ஆள் அதைக் கேட்டு மூன்றாவது ஆளுக்குக் கத்த வேண்டும். கடைசி ஆள் காதில் விழும்வரை யாரும் அதை விழுங்கிவிடக் கூடாது.

வரிசையின் முன்னிடம் பாறைச்செல்வி என்ற வரையாட்டுக்கு. அன்று கிளம்பும்போது அது ஒரு சேதி சொன்னது.

"அடுத்த மாசம் எங்க கூட்டம் மேற்குப் பாறைக்குப் போயிடுது. என் இடத்துக்கு ஒருத்தர் வேணும். இன்னைக்கு உச்சி வரைக்கும் யார் என் சக்கரத்தை விடாம வர்றாங்களோ, அவங்களுக்குத்தான்!"

செம்பன் என்ற கீரிக்குக் காது விறைத்துக்கொண்டது. மூன்று வருஷமாக அது ஏங்கிய இடம்! ஓடிப்போய்ப் பாறைச்செல்வியின் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதன் பின்னால் ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி. அதற்கும் பின்னால் மிளா என்ற கடமானும் தேவாங்கு முழியனும் மற்றவர்களும் என ஏழு பேர்.

எட்டாவது வளைவில் செம்பனுக்கு நாக்குத் தள்ளியது. திரும்பிப் பார்த்தால், ஊசிமுத்து அரை முழத் தூரத்தில் இருந்தது!

"என்ன மாப்ளே, வாலு தரையில கூட்டுது? களைச்சுட்டியா?"

"என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வர்ற. பேச்சைப் பாரு!"

"அப்போ ஒதுங்கு. நான் முன்னால வர்றேன்!"

செம்பன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தது. 'இன்னும் மூணே வளைவு. அதுக்குள்ள இவனை உதறியாகணுமே!'

ஒன்பதாவது வளைவு தாண்டியதும் பாதை கொஞ்ச தூரம் இறங்கியது. சைக்கிள்கள் அம்பாய்ப் பறந்தன. அப்போது பாறைச்செல்வி இடது கையை நீட்டிக் கத்தியது.

"குழி! இடது பக்கம் குழி!"

காட்டுப்பன்றிகள் கிழங்குக்காகத் தோண்டிப் போட்ட பள்ளம். செம்பன் சட்டென்று வலது பக்கம் ஒடித்தது. கத்துவதற்கு வாயையும் திறந்தது.

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

'ஒரு தடவைதானே! லேசா ஒரு குலுக்கல் குலுக்கும். ஊசிமுத்து பிரேக் பிடிப்பான், பின்தங்குவான். அவ்வளவுதானே!'

தடால்!

செம்பன் உள்ளுக்குள் சிரித்தது.

தடால்! தடால்!

சிரிப்பு நின்றது. ஒருத்தன்தானே விழ வேண்டும்?

தடால்! தடதடவென்று இன்னும் நாலு! கடைசியில் ஒரு சின்னக் குரல், "அம்மா!" என்றது.

செம்பன் பிரேக் பிடித்து நின்றது. ஊசிமுத்துவின் பின்சக்கரத்தை ஒட்டி இன்னும் ஏழு பேர் வருகிறார்களே! அது எப்படி மறந்துபோயிற்று?

பாறைச்செல்வி வண்டியைத் திருப்பியது. பள்ளத்துக்குள் சக்கரமும் கொம்பும் வாலும் ஒன்றாய்க் குவிந்து கிடந்தன. முழியனின் வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. அது அழக்கூட இல்லை. கண்ணை உருட்டி உருட்டிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டேய் ஊசிமுத்து, ஏன்டா கத்தலை?" என்று மிளா சீறியது.

"சத்தியமா என் காதுல ஒரு குரலும் விழலைண்ணே!" ஊசிமுத்துவின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது.

"நான் தொண்டை கிழியக் கத்தினேனே!" என்றது பாறைச்செல்வி.

எல்லாக் கண்களும் இடையில் வந்தவன் பக்கம் திரும்பின.

"எனக்கு... காத்து ஜாஸ்தியா இருந்துச்சுக்கா. கேக்கவே இல்லை" என்றது செம்பன்.

பாறைச்செல்வி ஈரமண்ணைக் குனிந்து பார்த்தது. செம்பனின் டயர்த் தடம் பள்ளத்தைச் சுற்றி வளைந்து, அழகாக ஒதுங்கிப் போயிருந்தது.

"கேக்காமலா தம்பி இவ்வளவு கரெக்டா ஒதுங்கினே?"

செம்பன் தலையைக் குனிந்துகொண்டது.

"அவனைத் துரத்துங்கக்கா!" என்றது மிளா.

"எதுக்கு? சொன்ன சொல் சொன்னதுதான். உச்சிக்கு இன்னும் ரெண்டு வளைவு இருந்தாலும், இதுவரைக்கும் என் சக்கரத்தை விடாம வந்தது இவன் ஒருத்தன்தான். இந்தா செம்பா, முன்னிடம் உனக்கே! கூட்டிக்கிட்டுப் போ."

எல்லாரும் திகைத்துப்போனார்கள். செம்பனோ அதைவிடத் திகைத்துப்போயிற்று. வண்டியை நிமிர்த்தியது. முன்னால் போய் நின்றது.

"வா... வாங்க, போகலாம்."

ஒரு பெடலும் அசையவில்லை.

"மிளா அண்ணே?"

"உன் முதுகைப் பார்த்துக்கிட்டு நான் வர்றதா? எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குப்பா."

"ஊசிமுத்து, நீயாச்சும் வாடா!"

"மாப்ளே, உனக்கு இந்த இடம் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே விட்டிருப்பேனே" என்றது ஊசிமுத்து. பிறகு முழியனைத் தன் சைக்கிளில் மெல்ல உட்காரவைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழே நடந்தது.

ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பின. கடைசியாகப் பாறைச்செல்வியும் இறங்கிப் போயிற்று. வளைவில் அதன் கொம்பு மறையும்வரை செம்பன் பார்த்துக்கொண்டே நின்றது. முன்னிடம் செம்பனுடையதுதான். பின்னால்தான் வெறும் பாதை கிடந்தது.

தான் கண்ட ஆபத்தைப் பின்னால் வருகிறவரிடம் மறைப்பவனுக்கு முன்னிடம் கிடைத்தாலும், பின்னால் வர ஒருவரும் கிடைக்கமாட்டார்.