பின்கதவின் நீலம்

லாரிகளுக்கு முப்பது வருடம் பெயின்ட் அடித்த தங்கதுரை, கார் வேலை படிக்கத் தூத்துக்குடியில் புஷ்பத்தின் பட்டறைக்கு வந்தார். அவள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவர் "மாஸ்டர்" என்பார், அவள் "அண்ணே" என்பாள். இருவருக்கும் அதில் சங்கடமில்லை.

ஒரு நீலக் கார் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. விபத்தில் நசுங்கிய பின்கதவுக்குப் பதில் புதுக்கதவு மாட்டி, தங்கதுரைதான் பெயின்ட் அடித்திருந்தார்.

"கதவு தனியாத் தெரியுதே," என்றார் சொந்தக்காரர் ராயப்பன். "விபத்தன்னைக்கு என் வீட்டுக்காரி ரோஸ்லின் அந்தப் பக்கந்தான் உக்காந்திருந்தா. அதைப் பாத்தாலே பின்னால போயிருதா. ஆறு மாசமா கார்ல ஏற மாட்டேங்கா."

அவர் போனதும் தங்கதுரை பொரிந்து தள்ளினார்.

"கம்பெனி கலர் நம்பர் பாத்துத்தான் கலந்தேன் மாஸ்டர். டியூப்லைட்டுக்கு நேரா இந்தக் காரோட பெட்ரோல் மூடி பக்கத்துல வச்சும் பாத்தேன். அச்சு அசலா இருந்துச்சு. இந்தக் காருக்கு என்னதான் கலரு?"

புஷ்பம் காரை வெயிலுக்குத் தள்ளச் சொன்னாள். பெட்ரோல் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"எல்லா இடத்துலயும் வச்சுப் பாருங்கண்ணே."

வைத்துப் பார்த்தார். கூரையில் நீலம் வெளுத்திருந்தது. வெயில் படாமல் வீட்டுச் சுவரை ஒட்டி நின்ற பக்கத்தில் ஆழமாக இருந்தது. முன்கதவிலேயே மேலே ஒரு நீலம், கீழே ஒரு நீலம். ஒரே நாளில் ஒரே பெயின்ட் அடிக்கப்பட்ட கார். தங்கதுரை மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருடம் கலரோடு புழங்கியும் இதைப் பார்த்ததில்லையே என்று பிரமிப்பாக இருந்தது.

"இதுல எந்த நீலத்துக்குச் சேர்க்க?" என்றார் மெதுவாக.

புஷ்பம் பின்கதவுக்கு அவர் கலந்த நீலத்தையே அடித்தாள். கையை நிறுத்தாமல் முன்கதவுக்கும் பனிபோல் லேசாகப் படரவிட்டாள்.

தங்கதுரை பதறினார். "அது நல்ல கதவு மாஸ்டர்!"

"தெரியும்ணே."

பின்கதவை அடுத்திருந்த பின்பக்கத் தகட்டிலும் அப்படியே செய்தாள்.

மறுநாள் மத்தியானம் ராயப்பனோடு ரோஸ்லின் வந்தாள். முன்கதவில் விரலை வைத்து மெல்லப் பின்னால் நகர்த்தினாள். எங்கும் தடுமாறாமல் விரல் கடைசிவரை போய்விட்டது. திரும்பவும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ராயப்பன் ஸ்டியரிங் பக்கம் போகாமல், மறுபக்கமாகச் சுற்றி வந்து அவள் அருகில் உட்கார்ந்தார்.

தங்கதுரை புஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

"கலரு எப்படி மாஸ்டர் சேந்துச்சு?"

"அந்தக் கதவு இன்னும் சேரலண்ணே," என்றாள் புஷ்பம். "பக்கத்துல இருக்கதுதான் கொஞ்சம் அதுகிட்ட வந்திருக்கு."