யானைக் கொட்டடியில் வாசித்த விண்ணப்பம்

கோவளநாட்டில் அரசருக்கு அடுத்தபடி மரியாதை யாருக்கு என்றால், கருமேகம் என்ற பட்டத்து யானைக்குத்தான். மந்திரிகளுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனால் யாரும் அதை யானையிடம் சொன்னதில்லை.

அந்த வருஷம் மழை ஓயவே இல்லை. சேற்றில் நின்று நின்று யானைகளுக்கெல்லாம் காலில் புண். கருமேகம் பாகனைக்கூட அண்டவிடவில்லை. அரசர் வில்லவராயருக்குச் சோறு இறங்கவில்லை. யானைப் புண்ணுக்கு மருந்து ஆராய்கிறவர்களுக்கு மூன்று வருஷ மானியம் என்று பறையறையச் சொன்னார். பல கல்விக்கூடங்கள் சேர்ந்து செய்யலாம். ஆனால் ஒரு கூடம் தலைமை ஏற்று விண்ணப்பம் தர வேண்டும். மற்றவை அதன் துணைக்கூடங்கள்.

விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது நம்பிராயனின் வேலை. எதையும் கடைசி ஓலைவரை படிக்கிற கெட்ட பழக்கம் அவனுக்கு உண்டு.

தலைநகர்ப் பெருங்கூடத்தின் தலைவர் ஏகாம்பரனார் நூற்றிருபது ஓலைகளில் விண்ணப்பம் கொண்டுவந்தார். மூலிகை பறிப்பது, அரைப்பது, பூசுவது எல்லாம் துணைக்கூடங்களின் பொறுப்பு. மானியத்தில் பத்தில் ஒன்பது பங்கு பெருங்கூடத்துக்கு. மேற்பார்வைக்கு ஐந்து, ஆலோசனைக்கு மூன்று, மேற்பார்வை பற்றிய ஆலோசனைக்கு ஒன்று. மீதி ஒரு பங்கை நான்கு துணைக்கூடங்களும் பிரித்துக்கொள்ளலாம். அவற்றுக்குப் பெயர் கிடையாது. ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்று எண் மட்டுமே இருந்தது. அவர்கள் தந்ததாகச் சொல்லப்பட்ட சம்மத ஓலைகள் நான்கும் ஒரே கையெழுத்து. நான்கும் ‘எங்கள் மலைச்சாரலில்’ என்று தொடங்கின. கோவளநாட்டில் மலையே கிடையாது.

அன்று பிற்பகல் சேறு ஒட்டிய காலோடு ஓர் அம்மாள் வந்து நின்றாள். பொய்கைக்கரை மூலிகைக்கூடத்தின் ஆசிரியை அல்லியங்கோதை. அந்தப் பக்கத்துக் கோயில் யானைகளின் புண்ணை ஆற்றியவள்.

"ஐயா, பெருங்கூடத்துக்காரங்க மருந்து விவரமெல்லாம் எங்ககிட்ட கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க ஓலையில எங்க கூடத்துப் பேர் இருக்கா? அதைக் கேக்கத்தான் ஆறு நாள் நடந்து வந்தேன்."

"மூன்றாவது துணைக்கூடம் என்று இருக்கிறது, அம்மா."

"அது நாங்கதானா?"

"புண்ணுக்கு மருந்து பூசுவது அதன் வேலை என்று போட்டிருக்கிறது. அதனால் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்."

அவள் முகம் வாடிவிட்டது. "அரசர் ஓலையில பேர் ஏறாத கூடத்துக்குத் தை மாசத்தோட நெல்லு நின்னுடும்யா. முப்பது பிள்ளைங்க அதுலதான் சாப்பிடுதுங்க."

அன்று இரவு நம்பிராயன் நூற்றிருபது ஓலைகளையும் மறுபடி படித்தான். மறுநாள் சபையில் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஐயா, துணைக்கூடங்களுக்குப் பெயர் போடவில்லையே?"

ஏகாம்பரனார் சிரித்தார். "துணைக்கூடம் என்பது என் கை மாதிரி. கைக்குத் தனிப் பெயர் உண்டா? அவர்கள் செய்வதெல்லாம் நானே செய்ததாகக் கொள்ள வேண்டும். அரசருக்கும் ஒரே பெயர் தெரிந்தால் போதும்."

"சரியாகச் சொன்னீர்கள். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பின்னால் யாரும் உரிமை கேட்டு வரக் கூடாது பாருங்கள்."

ஏகாம்பரனார் மகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டார். ஓரமாக நின்ற அல்லியங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள்.

நம்பிராயன் அரசர் பக்கம் திரும்பினான். "இனி ஒரு வழக்கம்தான் பாக்கி, அரசே. ஓலையில் உள்ள வேலைகளில் ஒன்றைத் தங்கள் முன் செய்து காட்ட வேண்டும். ஓலையில் பெயர் உள்ளவர்தான் செய்ய வேண்டும்."

பழைய வழக்கம்தான். வழக்கமாக யாராவது ஒரு செய்யுள் சொல்லி முடித்துவிடுவார்கள். ஏகாம்பரனாரும் தொண்டையைக் கனைத்தார்.

"எழுபதாவது ஓலை," என்றான் நம்பிராயன். "புண்ணில் மருந்து பூசுதல். கொட்டடிக்குப் போகலாமா?"

கொட்டடியில் கருமேகம் காதை விடைத்துக்கொண்டு நின்றது. நம்பிராயன் அல்லியங்கோதையின் மருந்துக் கிண்ணத்தை வாங்கி ஏகாம்பரனார் கையில் கொடுத்தான்.

"முன்னங்கால், ஐயா. அடியில் உட்கார்ந்தால்தான் எட்டும்."

"நானா? இது மூன்றாவது துணைக்கூடத்தின் வேலை!"

"அப்படி ஒருவர் ஓலையில் இல்லையே. எல்லாம் தாங்கள் செய்ததாகத்தான் இருக்கிறது."

அரசர் ஓலையை வாங்கிப் பார்த்தார். "ஆமாம், கையெழுத்துகூட இருக்கிறது. பூசும்."

யானை ஓர் எட்டு முன்னே வைத்தது.

"பொய்கைக்கரை! பொய்கைக்கரை மூலிகைக்கூடம்! எழுதிக்கொள்ளும்!"

நம்பிராயன் நிதானமாக எழுத்தாணியை எடுத்தான். அதைவிட நிதானமாக ஓலையைத் துடைத்தான். "பங்கு?"

"பத்தில் ஒன்று!"

கருமேகம் தும்பிக்கையை நீட்டி அவர் தலைப்பாகையை எடுத்துப் பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, கீழே போட்டு மிதித்தது.

"மூன்று! ஐந்து! ஐயோ, ஆறு! மற்ற மூன்று கூடங்களுக்கும் ஆளுக்கு ஒன்று! பெயரெல்லாம் சொல்கிறேன்!"

சொன்னார். மூச்சு விடாமல் சொன்னார். நம்பிராயன் எழுதி முடித்தபோது பெருங்கூடத்துக்கு ஒரு பங்கு மிஞ்சியிருந்தது.

"இனி நீங்கள் பூசலாம், அம்மா. உங்கள் பெயர் ஏறிவிட்டது."

அல்லியங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடியிலிருந்து ஒரு வெல்லக் கட்டியை எடுத்து யானையிடம் நீட்டினாள். அது வாங்கித் தின்றது. பிறகு அது பாட்டுக்குக் காலைத் தூக்கிக் கொடுத்தது. பத்தாம் நாள் கருமேகம் நொண்டாமல் நடந்தது.

அரசர் முத்துமாலையைக் கழற்றினார். "வேறு என்ன வேண்டும், நம்பிராயா?"

"இனி எல்லா மானிய விண்ணப்பங்களையும் கொட்டடியில் வாசிக்க உத்தரவு வேண்டும், அரசே."

"அடுத்த மாதம் வருவது இலக்கண ஆராய்ச்சி அல்லவா? இலக்கணத்துக்கும் யானைக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"இலக்கணத்துக்கு ஒன்றுமில்லை, அரசே. பங்கு பிரிப்பதற்கு இருக்கிறது."

அரசர் சிரித்த சிரிப்பில் கொட்டடிப் புறாக்களெல்லாம் பறந்துபோயின.

அடுத்த மாதம் இலக்கண விண்ணப்பம் வந்தது. எட்டே ஓலை. இருபத்திரண்டு துணைக்கூடங்கள், எல்லாவற்றுக்கும் பெயர், எல்லாம் வேறு வேறு கையெழுத்து. மேற்பார்வைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதுவும் கூச்சத்தோடு ஓரமாக எழுதியிருந்தது. ஒரு திருத்தமும் இல்லாமல் நம்பிராயன் வாசித்து முடித்தான்.

அன்று கருமேகம் கொட்டடியிலேயே இல்லை. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தது.