உலகம்மாளின் பூஜ்யம்

ஞானசிகாமணி தன் ஆய்வுத்தாள்களை மேசையில் வைத்தபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சாத்தூரில் பல வருஷம் பல் மருத்துவம் பார்த்துவிட்டு, தலை நரைத்த பிறகு பல் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய ஆசிரியை செண்பகவடிவு வயதில் இளையவர். அதனால் ஆசிரியை மாணவரை சார் என்பார், மாணவர் ஆசிரியையை மேடம் என்பார்.

பல் செட் போட்டவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளப்பதுதான் ஆய்வு. மெல்ல முடிகிறதா, பிறர் முன்னால் சாப்பிடக் கூச்சமா, பிடித்த உணவைத் தவிர்க்கிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு மதிப்பெண். கூட்டுத்தொகை குறையக் குறைய வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பாதிப் பேருக்கு மேல் கஷ்டமே இல்லை என்றிருந்தார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து உலகம்மாளுக்குச் சுத்தமான பூஜ்யம்.

"இந்த அளவு சரிதானே மேடம்?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"கேள்வி கேட்டது யாரு சார்?"

"நான்தான்."

"செட் செஞ்சது?"

"அதுவும் நான்தான்."

செண்பகவடிவு தாள்களை மூடினார். ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் வீட்டில் சாப்பிட வருவதாகச் சொல்லச் சொன்னார். இது எந்த ஊர் ஆராய்ச்சி என்று ஞானசிகாமணிக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னார்.

உலகம்மாள் வாசலுக்கே வந்து அழைத்தார். செட்டுக்கு அளவெடுக்க வந்தபோது இருந்த உடம்பு இப்போது இல்லை. ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. வயசாகிறது அல்லவா என்று ஞானசிகாமணி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மகன் குடும்பம் முன்பே சாப்பிட்டு எழுந்திருந்தது. இரண்டு இலை போட்டு, சோறும் கோழிக்குழம்பும் பரிமாறினார் உலகம்மாள். செண்பகவடிவு அவரையும் உட்காரச் சொன்னார்.

"நான் எல்லாருக்கும் அப்புறந்தான் சாப்பிடுவேன். கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான்."

செண்பகவடிவு இலையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நல்ல பசியில் இருந்த ஞானசிகாமணியும் வேறு வழியில்லாமல் கையை எடுத்தார்.

விருந்தாளி கை வைக்காத இலையை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? உலகம்மாள் கடைசியில் ஒரு தட்டை எடுத்துவந்து உட்கார்ந்தார். டாக்டரை ஒருமுறை பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, வாயிலிருந்த செட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தார். ரசம் ஊற்றிச் சோற்றைக் கூழாகப் பிசைந்து விழுங்கினார். கோழியை அவர் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஞானசிகாமணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, உலகம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொன்னார். கீழ் ஈறில் நீளமாக ஒரு புண். செட்டின் விளிம்பு அறுத்த புண்.

"வலிக்குதுன்னு ஏம்மா சொல்லலை?"

"எம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சு குடுத்தீய. மூஞ்சிக்கு நேரா எப்படி டாக்டர் சொல்ல?"

பிறர் முன்னால் சாப்பிடக் கூச்சமா என்ற கேள்விக்கு என்ன நினைத்து இல்லை என்றார் என்று அவர் கேட்கவில்லை. உலகம்மாள்தான் பிறர் முன்னால் சாப்பிடுவதே இல்லையே. வேறொன்றைக் கேட்டார்.

"பிடிச்சதை ஒதுக்குறீங்களான்னு கேட்டேனே. அதுக்கும் இல்லைன்னுதானே சொன்னீங்க?"



"அது பொய்யில்லை டாக்டர். இப்ப எனக்கு எதுவும் பிடிக்கலையே."

ஞானசிகாமணி அவரை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரும்படியும், அதுவரை செட்டைப் போட வேண்டாம் என்றும் சொன்னார்.

திரும்பும் பஸ் சேரன்மகாதேவியைத் தாண்டியதும் ஞானசிகாமணி சொன்னார்.

"உலகம்மாளோட பூஜ்யத்தை ஆய்விலிருந்து எடுத்துடறேன் மேடம். அது தப்பான அளவு."

செண்பகவடிவு அவர் பக்கம் திரும்பினார்.

"கஷ்டமே இல்லைன்னு சொன்ன மத்தவங்க வீட்டுக்கெல்லாம் எப்ப சார் சாப்பிடப் போறீங்க?"